எம்.டி. நைன்டியின் சிவப்பு: நம்மூர் மோட்டார் சைக்கிள் நிறங்களின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. அஸருக்குப் பிறகு பிளேன்டீயோடு அமர்ந்து வாசிக்கலாம்.

இப்போது மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரைக்கும் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். முருங்கை மரக் கொப்பிலோ உடுப்புக் காயப்போடும் கம்பியிலோ மட்காட், சைட் கவர், செயின் கவர் எல்லாம் கட்டித் தொங்கும். கீழே பழைய பத்திரிகை விரித்து, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருந்து தேய்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் வாளி, கிழிந்த சாண்ட்பேப்பர், தின்னர் வாசம். வீட்டுக்கு வீடு ஒரு பெயின்ட் கராஜ்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் நகை மாதிரி ஆகிவிட்டது. 2022 ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்து, வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்று சொன்ன நாட்களில், பெற்றோலைக் குறைவாகக் குடிக்கும் சின்ன ஹொண்டாக்களுக்கு வந்த மரியாதையை நாம் கண்ணால் பார்த்தோம். கோழிக் கூட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த சைக்கிளையெல்லாம் இழுத்து வெளியே எடுத்தார்கள். எடுத்தவுடன் செய்த முதல் வேலை எஞ்சின் பார்த்தது. இரண்டாவது வேலை பெயின்ட்.

நமது கரையில் அதிகம் தேய்க்கப்படுவது எம்.டி. நைன்டி. மீன் பெட்டி கட்டிக்கொண்டு சுபஹுக்குப் பிறகு கடற்கரைக்குப் போகிறவருக்கும், உர மூடையோடு வட்டைக்குப் போகிறவருக்கும், பிள்ளைகள் இரண்டு பேரைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போகும் நம்மைப் போன்றவர்களுக்கும் அதுதான் வாகனம். ஆனால் அது முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது, ஏன் சிவப்பாக வந்தது என்று நமது மாணவர்களிடம் கேட்டால் தெரியாது. பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது.

எம்.டி. என்பது ஜப்பானின் தபால்காரர் சைக்கிள். ஹொண்டா கம்பனி 1958 ஓகஸ்டில் சூப்பர் கப் என்ற சின்ன மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. சொய்ச்சிரோ ஹொண்டா எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, வியாபாரத்தைப் பார்த்தவர் தக்கேயோ புஜிசாவா. ஜப்பானில் சோபா என்ற நூடில்ஸை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதனால்தான் கிளட்ச் பிடி இல்லாமல் காலால் கியர் மாற்றும் அமைப்பு. (மீன் பெட்டியில் ஒரு கையும் ஹான்டிலில் ஒரு கையுமாகப் போகும் நம்மூர்க் காக்காமார் அந்தச் சோபா பையன்களின் தம்பிகள்தான்.) 2017 இல் கப் வகை சைக்கிள்களின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அந்தக் கப்பின் தபால் பதிப்பாக 1971 இல் எம்.டி. வரிசை வந்தது. சாதாரணக் கப்புக்கு 17 அங்குலச் சக்கரம், எம்.டி.க்கு 14. இடைக்கிடை இறங்கி ஏறுகிறவருக்கு உயரம் குறைய வேண்டும். முன்னுக்குத் தடித்த போர்க், பின்னுக்கு இரும்புக் கரியர், வலம் இடம் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட். பனி கொட்டும் ஊர்களுக்காகக் கைப்பிடியில் சூடேற்றும் கம்பியும் உண்டு. கல்முனையில் அதற்கு என்ன வேலை! ஆனால் அந்தக் கரியரும் அந்த இரண்டு ஸ்டாண்டும் நமது வயலுக்கும் சந்தைக்கும் என்றே செய்தது போல. சேவைக் காலம் முடிந்த எம்.டி.கள் ரீகண்டிஷன் என்ற பெயரில் கப்பலேறி வந்து, கொழும்பில் இறங்கி, நமது ஒழுங்கைகளில் இரண்டாவது ஆயுளைத் தொடங்கின.

சிவப்பு நிறம் தபாலின் நிறம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1871 இல் ஜப்பானில் நவீன தபால் சேவை தொடங்கியபோது தபால் பெட்டிகள் சிவப்பல்ல. அடுத்த வருடம் நாடெங்கும் வைத்தவை கறுப்பு மரப் பெட்டிகள். இருட்டில் கறுப்புப் பெட்டி யாருக்குத் தெரியும்? 1901 இல் சிவப்பு இரும்புப் பெட்டியைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 1908 இல் அதுவே நிரந்தரமானது. பிரித்தானியாவிலும் இதே கதைதான். 1859 இல் தபால் தூண்களுக்குப் பச்சை என்று முடிவு செய்து, புல்லோடும் மரத்தோடும் கலந்து யாருக்கும் தெரியவில்லை என்ற முறைப்பாட்டால் 1874 இல் சிவப்புக்கு மாறினார்கள். எல்லாப் பெட்டிகளையும் திருப்பிப் பெயின்ட் அடித்து முடிக்கப் பத்து வருடம் சென்றது. இங்கிலாந்தின் அந்தச் சிவப்புத்தான் நமது தபால் கந்தோர் வாசலில் நிற்கும் பெட்டியிலும் இருக்கிறது. ஆக, கல்முனையில் ஒரு பழைய எம்.டி. ஒரு பழைய தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, உலகத்தின் இரண்டு கோடியில் இருந்து வந்த இரண்டு சிவப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

எம்.டி. வருவதற்கு முன் நமது மூத்தாப்பாமார் ஓட்டிய சைக்கிளின் நிறம் கறுப்பு. றலி, ஹம்பர். பளபளவென்ற கறுப்பு, அதன் மேல் மெல்லிய பொன்னிறக் கோடு. அந்தக் கறுப்புக்கும் ஜப்பானுக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் வேடிக்கை. கிழக்காசியாவில் ஒரு மரத்தின் பாலை எடுத்து, மரச் சாமானுக்குப் பூச்சுப் பூச்சாகப் பூசிக் கண்ணாடி மாதிரி ஆக்கும் கலை இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பெட்டிகளும் தட்டுகளும் ஐரோப்பாவுக்குப் போயின. அவர்களிடம் அந்த மரம் இல்லை. வேறு பிசின்களையும் எண்ணெய்களையும் வைத்து அதைப் போலச் செய்யப் பழகினார்கள். அந்த வேலைக்கே ஆங்கிலத்தில் 'ஜப்பானிங்' என்று பெயர் விழுந்தது. இரும்புக்கு அடித்த வகையில் நிலக்கீலும் ஆளிவிதை எண்ணெயும் சேரும்; அடித்துவிட்டு அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பார்கள். தையல் மெஷின், சைக்கிள், பிறகு கார் எல்லாவற்றுக்கும் அதே கறுப்பு. போர்ட் கம்பனியின் மாடல் டி கார் 1908 இல் வந்தபோது பல நிறத்தில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டுந்தான். மலிவு, உறுதி, ஒரே நிறம் என்றால் தொழிற்சாலையில் குழப்பமும் இல்லை.

அந்தக் கறுப்பை உடைத்தது ஒரு பூச்சு. 1923 இல் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பனி டூக்கோ என்ற பெயின்டைக் கொண்டுவந்தது. நைட்ரோசெலுலோஸ் என்ற பொருளைத் தின்னரில் கரைத்துச் செய்தது. பஞ்சையும் அமிலத்தையும் சேர்த்துச் செய்யும் அந்தப் பொருளின் நெருங்கிய சொந்தக்காரன் துப்பாக்கி வெடிமருந்து. முதலாம் உலக யுத்தம் முடிந்த பிறகு வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. வாரக்கணக்காகக் காயப்போட வேண்டியிருந்த கார், மணிக்கணக்கில் காயத் தொடங்கியது. 1924 மாடலாக வந்த ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் அணிவகுத்தபோது கறுப்பின் காலம் முடிந்துவிட்டது. நமது ஹார்ட்வெயார் கடையில் 'என்.சி. பெயின்ட் கால் லீற்றர் தாங்க' என்று கேட்கிறோமே, அந்த என்.சி. நைட்ரோசெலுலோஸின் சுருக்கம்.

இனி ஸ்பிரே கன். ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரத்தில் அலன் டிவில்பிஸ் என்ற தொண்டை வைத்தியர் இருந்தார். நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பஞ்சால் தடவுவதற்குப் பதிலாகத் தூவிவிட ஒரு சிறு கருவி செய்தார். 1888 இல் அதற்கு ஒரு கம்பனியும் தொடங்கினார். அவருடைய மகன் தோமஸ் 1907 இல் அதே தத்துவத்தை வைத்துப் பெயின்ட் தூவும் கன்னை உருவாக்கினார். தொண்டைக்கு மருந்து அடிக்கப் பிறந்த சாமான் அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு விஷயத்துக்குத் தேவைப்படும்.

கொம்ப்ரஸர் இல்லாத வீடுகளுக்கு வந்த வரம் ஸ்பிரே டின். 1949 இல் அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் என்பவர் தனது அலுமினிய நிறப் பெயின்டை வாடிக்கையாளருக்கு அடித்துக்காட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். இதையும் தூவும் டின்னில் அடைத்தால் என்ன என்று யோசனை சொன்னது அவருடைய மனைவி. இன்று நம் பிள்ளைகள் சைலன்ஸருக்கு அடிக்கும் சில்வர் டின் அந்த முதல் டின்னின் நேர் வாரிசு.

வாகனமும் பெயின்டும் என்று பேசும்போது நமது நாட்டு வரலாற்றில் ஒரு பக்கத்தைத் தாண்டிப்போக முடியாது. 1957 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 1958 மார்ச்சில், அந்த வருடம்தான் அரசுடைமையாக்கப்பட்டிருந்த பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்குப் போனபோது எழுத்தின் மேல் தார் பூசினார்கள். தமிழ் ஸ்ரீயை எழுதி ஓட்டினார்கள். பதிலுக்குத் தெற்கில் கடைப் பெயர்ப் பலகைகளின் தமிழ் எழுத்துகள் மேல் தார் ஏறியது. ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கை கிழிந்தது. மே மாதம் நாடு எரிந்தது. ஒரு பிரஷும் ஒரு வாளித் தாரும் எழுத்தொன்றின் மேல் பட்டதற்குப் பின்னால் அவ்வளவு இருந்தது. பிற்காலத்து இலக்கத் தகடுகளில் மாகாணத்துக்கு ஈ.பி., டபிள்யூ.பி. என்று ஆங்கில எழுத்துத்தான் வந்தது. அந்தப் பழைய ஸ்ரீ இலக்கச் சைக்கிள்கள் இன்னும் ஒன்றிரண்டு நம்மூரில் ஓடுகின்றன. பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தகட்டைத் தயவுசெய்து தேய்த்துவிடாதீர்கள், உரியவர் அதன் பெறுமதியை அறியாமல் இருக்கலாம்.

நமது கரைக்கு வருவோம். பெயின்டின் எதிரி வெயில் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். நமக்கு எதிரி உப்பு. கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அலை உடையும்போது அது நுண்ணிய துளியாகக் காற்றில் ஏறி வந்து இரும்பில் படுகிறது. இரும்பு, ஈரம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு அதற்கு உள்ளால் மின்னோட்டம் ஓட வழி செய்து வேகப்படுத்துகிறது. பெயின்டில் ஊசி முனை அளவு வெடிப்பு இருந்தால் போதும், துரு அடிப்பக்கமாகவே ஊர்ந்து போகும். மேலே நிறம் நன்றாக இருக்கும். விரலால் அழுத்தினால் பொரிந்து விழும். சாய்ந்தமருது கடற்கரை வீதியில் நிற்கும் சைக்கிளும் சம்மாந்துறையில் நிற்கும் சைக்கிளும் ஒரே வருடத்தில் ஒரே மாதிரி வயதாவதில்லை.

2004 டிசம்பர் 26 இல் காற்றில் வந்த உப்பு அல்ல, கடலே வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு பதிவாகிவிடும். நிறத்தோடு சம்பந்தப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறோம். எங்கள் வாப்பாவின் எம்.டி. இரண்டு ஒழுங்கை தாண்டி, விழுந்த மதிலுக்கு அடியில் கிடைத்தது. கிணறெல்லாம் உவர்த் தண்ணீர். கழுவ நல்ல தண்ணீர் கிடையாது. பவுசரில் வந்த தண்ணீரில் ஒரு வாளியை அந்தச் சைக்கிளுக்குக் கொடுப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். வாப்பா ஒன்றும் பேசாமல் ஒரு வாளியை ஊற்றினார். அடுத்த வருடம், தோணிக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை ஒரு மீனவ நண்பர் கொடுக்க, பிரஷால் அடித்துக்கொண்டார். பிரஷ் மயிர் இரண்டு மூன்று அதிலேயே ஒட்டியிருந்தது. வாப்பா மவுத்தாகும் வரை அதே நீலம்தான்.

சென்ற பாடசாலை விடுமுறையில் மச்சானும் நாங்களும் அதைக் கழற்றிப்போட்டோம். தேய்க்கத் தேய்க்க வரலாறு பின்னோக்கிப் போகும் என்பதை அப்போதுதான் கையால் தொட்டுப் பார்த்தோம். மேலே தோணி நீலம். அதற்குக் கீழே துருவை மறைத்த ரெட் ஒக்சைட். அதற்கும் கீழே, இங்கே யாரோ அடித்த கடும் பச்சை. இருக்கையின் அடியிலும் போர்க் கழுத்தின் உள்பக்கத்திலும், யாருடைய பிரஷும் எட்டாத இடத்தில், ஜப்பான் தபாலின் சிவப்பு. சி.ஆர். புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் நிறம் என்ற இடத்தில் சிவப்பு என்றே இருக்கிறது.

இங்கே ஒரு சட்ட விஷயம். வாகனத்தின் நிறமும் பதிவின் ஒரு பகுதி. நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களுக்குப் புத்தகமும் வாகனமும் ஒத்துப்போவதன் பெறுமதி தெரியும். இன்றும் விற்கும்போதும், களவு போய்ப் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போதும் அதுதான் தலைவலி. நீலத்தை வைத்துக்கொண்டு புத்தகத்தை மாற்றுவதா, புத்தகத்தில் உள்ள சிவப்புக்கே சைக்கிளைத் திருப்புவதா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. உம்மாவுக்கு நீலம்தான் வாப்பாவின் நிறம். கடைசியில் வெளியே சிவப்பு. இருக்கைக்கு அடியில் ஒரு கை அகலத்துக்கு நீலத்தைத் தொடாமல் விட்டோம். உம்மா அதற்குச் சம்மதித்தார்.

வேலை முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உப்புக்கு மேல் அடித்த பெயின்ட் நிற்காது. பிறகு சோப், பிறகு தின்னர் துணி, எண்ணெய்ப் பசை போக வேண்டும். துருவைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் வரை முரட்டுப் பேப்பர், பள்ளத்துக்குப் புட்டி, 400, 600 என்று தண்ணீர்ப் பேப்பர், பிரைமர், காய்ந்ததும் மறுபடி மெல்லத் தேய்ப்பு. நிறத்தை ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் வழியும். மெல்லியதாக மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். தொழில் தெரிந்த ஒருவர் எங்களிடம் சொன்னார், 'சேர், பெயின்ட் அடிக்கிறது அரை மணித்தியாலம், தேய்க்கிறது மூணு நாள். காசு தேய்க்கிறதுக்குத்தான்' என்று. காலமும் பார்க்க வேண்டும். மாரியில் என்.சி. அடித்தால் காற்றின் ஈரம் பூச்சில் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் இல்லை, ஆனால் ஊர் மண் முழுக்க பெயின்டில் ஒட்டும். மாரி முடிந்து கச்சான் தொடங்கும் முன் உள்ள காலம், காலைப் பனி விலகிய பிறகு, அதுதான் நமது கரைக்குத் தோது.

இனி அந்தத் தொண்டை வைத்தியரின் கன். என்.சி.யை விட்டுவிட்டு இப்போது எல்லோரும் டூ-கே என்று ஓடுகிறார்கள். மினுக்கம் கூட, பெற்றோல் சிந்தினாலும் போகாது, உப்புக்கும் நல்லது. உண்மைதான். 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த பொலியூரித்தேன் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இரண்டு டின்னைக் கலந்தால்தான் இறுகும். அந்த இரண்டாவது சின்ன டின், ஹார்ட்னர் என்கிறோமே, அதில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. கன்னால் தூவும்போது அது நுண்துளியாக நெஞ்சுக்குள் இறங்கும். பல நாடுகளில் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று இது. அதில் கெட்ட குணம் என்னவென்றால், உடம்பு ஒரு தடவை அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைக்கும். கொரோனாக் காலத்து மாஸ்க்கும், முகத்தில் கட்டும் துவாயும் தூசியைத்தான் பிடிக்கும். இந்த ஆவியைப் பிடிக்காது. வெளிநாட்டுக் கராஜ்களில் குழாய் வழியாக வெளிக்காற்று வரும் முகமூடி போட்டு, புகை இழுக்கும் அறைக்குள் அடிக்கிறார்கள்.

நாம் எங்கே அடிக்கிறோம்? குசினிக்குப் பின்னால், பிள்ளை தொட்டிலில் ஆடும் வீட்டின் தாழ்வாரத்தில். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுப் பெயின்ட் வேலைக்குப் போன எங்கள் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். கை அவ்வளவு அழகு. அவர் அடித்த டாங்கியில் முகம் பார்க்கலாம். இருபத்தைந்து வயது முடியவில்லை. இப்போது பம்ப் இல்லாமல் படியேற முடியாது. அவரிடம் யாரும் இந்த டின்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. டின்னில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். பழைய பெயின்டைத் தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். நமது நாட்டில் பெயின்டில் சேரும் ஈயத்துக்கு உச்ச வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 இல். அதற்கு முந்திய பூச்சுகளை உலர்த் தூளாகத் தேய்த்தால் அந்தத் தூள் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தேய்த்த சேற்றைக் கிணற்றுப் பக்கம் ஊற்றாதீர்கள். வீட்டில் அடிப்பதானால் டூ-கே வேண்டாம், அதை முறையான வசதி உள்ள இடத்துக்குக் கொடுங்கள். என்.சி.யின் ஆவியும் நல்லதல்ல, நெருப்பும் பிடிக்கும். திறந்த வெளியில், அடுப்புக்கு எட்டத்தில், பிள்ளைகளை உம்மும்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு எம்.டி.யின் இருக்கையைத் தூக்கி, அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு படம் எடுத்து, எந்த வருடம் யார் வாங்கியது, இடையில் என்னென்ன நிறம் அடித்தது, சுனாமியில் பட்டதா இல்லையா என்று இரண்டு வரி எழுதிக் கீழே போடுங்கள். மூத்தாப்பாவின் பொன்கோடு போட்ட றலியின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் அதையும் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வரலாற்றுச் செயற்றிட்டத்துக்காக ஊர்வாரியாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை கிடைத்தவை பதினொன்று. அதில் நான்கு, அடியில் சிவப்பு.